தண்ணீர் குடிக்கும் புஷ்

ஏப்ரலில் படகைத் தண்ணீரில் இறக்கும்போது சுக்கானை ஒரு விரலால் தள்ளினால் திரும்பும். ஜூலையில் அதே சுக்கானைத் திருப்ப இரண்டு கையும் வேண்டும். அக்டோபரில் கரையேற்றிக் குளிர்காலம் முழுக்கக் கட்டை மேல் நிறுத்தி வைத்தால், மார்ச்சில் மறுபடி ஒரு விரல் போதும். மூன்று வருடம் இப்படியே ஓடியது. ஒவ்வொரு வருடமும் இறுக்கம் கொஞ்சம் முன்கூட்டியே வந்தது என்பதை நான் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை.

படகு பெரிதொன்றுமில்லை. 24 அடி, நாற்பது வயது தாண்டிய ஃபைபர் கிளாஸ் பாய்மரப் படகு. இங்கிலாந்தின் தென்கரையில், சௌதாம்ப்டனுக்குப் பக்கத்தில் ஓடும் ஹாம்பிள் ஆற்றில் நிற்கிறது. நானும் ஒரு நண்பரும் பாதிப்பாதி போட்டு வாங்கினோம். அவர் வல்வெட்டித்துறைக்காரர். அவருடைய ஊரில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938-இல் அட்லாண்டிக்கைக் கடந்து அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை போனது. பேச்சு எங்கே தொடங்கினாலும் அங்கேதான் வந்து நிற்பார். ஆகவே எங்கள் படகின் சுக்கான் மக்கர் செய்வது அவருக்கு ஊர் மானப் பிரச்சினை.

எங்களுடையது பின்பலகையில் கீல் வைத்து மாட்டிய சுக்கான் அல்ல. சுக்கான் பலகையிலிருந்து 38 மில்லிமீட்டர் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தண்டு ஒன்று மேலே கிளம்பி, படகின் அடியிலிருந்து மேல்தளம் வரை போகும் ஃபைபர் கிளாஸ் குழாய்க்குள் நுழைகிறது. தண்டின் உச்சியில் டில்லர் என்கிற கைப்பிடி. குழாயின் அடியில் ஒரு புஷ், மேலே ஒரு புஷ். பேரிங் என்று பெருமையாகச் சொன்னாலும் பொருள் அவ்வளவுதான், தண்டு உள்ளே திரும்புகிற இரண்டு பிளாஸ்டிக் வளையங்கள்.

மூன்றாவது ஜூலையில் ஒரு சனிக்கிழமை, தென்மேற்குக் காற்று நன்றாக அடித்துக்கொண்டிருந்தபோது ஆற்றுக்குள் திரும்பினோம். எதிரே மிதவை. டில்லரைத் தள்ளினேன், படகு திரும்பியது. கையைத் தளர்த்தினால் சுக்கான் தானாக நடுவுக்கு வர வேண்டும், வரவில்லை. இறுகிப் போன சுக்கானில் ஆபத்து அதுதான். கை வலிப்பதைப் பொறுத்துக்கொள்ளலாம். தண்ணீர் சுக்கானை எப்படித் தள்ளுகிறது என்கிற சேதி கைக்கு வந்து சேராததைப் பொறுத்துக்கொள்ள முடியாது. மிதவைக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு கை அகலம் இருந்திருக்கும். “அண்ணை, இனி இதைக் கழட்டாமல் நான் ஏறமாட்டன்” என்றார் நண்பர். நியாயம்தான்.

கழற்றுவது தனிக் கூத்து. தண்டு குழாயைவிட்டு வெளியே வர வேண்டுமானால் சுக்கான் அரை மீட்டருக்கும் மேலே கீழிறங்க வேண்டும். கட்டை மேல் நிற்கும் படகில் சுக்கானுக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண்தான் இருக்கும். ஆகவே குழி தோண்ட வேண்டும். மார்ச் மாதத்து இங்கிலாந்துச் சேற்றில், மழையில், முழங்கால் ஆழம் தோண்டினோம். பக்கத்துப் படகுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, யாரைப் புதைக்கப் போகிறீர்கள் என்று கேட்டார்.

உள்ளே இருந்தவை வெள்ளையாக இருந்து பழுப்பேறிய இரண்டு புஷ்கள். எங்களுக்கு முன் படகை வைத்திருந்த யாரோ போட்ட நைலான்.

அன்று இரவே கோயம்புத்தூருக்கு, சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். கணபதியில் லேத் பட்டறை வைத்திருந்தவர். நாற்பது வருடம் மோட்டார் பம்புக்குப் புஷ் கடைந்த கை. கடல் பக்கம் எண்ணி நாலு தடவை போயிருப்பார். ஆனால் ஆழ்துளைக் கிணற்றில் இறக்கும் நீர்மூழ்கி மோட்டாரில் சில வகைகளுக்கு உள்ளே தண்ணீரையே நிரப்பி விடுவார்கள், புஷ்ஷுக்கு மசகும் அந்தத் தண்ணீரேதான். தண்ணீருக்குள் சுழலும் தண்டைப் பற்றி அவரிடம் கேட்காமல் யாரிடம் கேட்பது?

“நைலான் தண்ணியக் குடிக்கும் கண்ணு. குடிச்சா வீங்கும். வெளிய போறதுக்கு எடமில்லீன்னா உள்ளதான வரோணும்?”

“மூணு மாசம் ஆகுதுங்க சித்தப்பா, டைட் ஆகறதுக்கு.”

“ஆகும். அது ஒரே மடக்குல குடிக்காது. பேசாம கன்மெட்டல்ல போட்டுட்டு நிம்மதியா இரு.”

கன்மெட்டல் ஒரு வகை வெண்கலம், அதற்குப் பிறகு வருகிறேன். சித்தப்பா சொன்னதன் முதல் பாதியில் முழு நோயும் வந்துவிட்டது. அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள். நைலான் வளையம் ஒன்றைச் சும்மா வாளித் தண்ணீரில் போட்டால் அது எல்லாப் பக்கமும் ஒரே விகிதத்தில் பெருக்கும். அதாவது நடு ஓட்டையும் பெரிதாகும்! நான் முதலில் இந்தச் சோதனையைத்தான் செய்தேன், நைலான் மேல் குற்றமில்லை என்றும் முடிவு கட்டினேன். குழாய்க்குள் அடைபட்டிருக்கும்போது கதை வேறு. வெளிச்சுற்று அசைய முடியாது. பெருத்த சதையெல்லாம் ஓட்டையின் பக்கம் நகரும். எங்கள் புஷ் வெளிவிட்டம் 50, உள்விட்டம் 38 சொச்சம். ஒவ்வொரு திசையிலும் 2 சதவீதம் வீக்கம் என்று வைத்துக்கொண்டு தாளில் போட்டுப் பார்த்தால், ஓட்டை அரை மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் கூடுதலாகச் சுருங்குகிறது. கடைந்தவர் விட்டிருந்த இடைவெளி கால் மில்லிமீட்டர் இருந்திருக்கலாம். ஆக, நைலான் பாதி வயிறு குடித்ததுமே தண்டைப் பிடித்துவிடுகிறது. குளிர்காலத்தில் கரையில் கொஞ்சம் உலர்கிறது, முழுக்க உலர்வதில்லை. அதனால்தான் வருடத்துக்கு வருடம் சீக்கிரம் இறுகியது.

இதைத் தெரிந்துகொண்டு நைலான் வாங்கியவரைத் திட்டலாம் என்று விவரத்தாளை எடுத்தேன். அதைப் பார்த்த பிறகு திட்ட மனம் வரவில்லை. பிளாஸ்டிக் விவரத்தாள்களில் தண்ணீர் உறிஞ்சும் அளவு என்று ஒரு வரி இருக்கும், பெரும்பாலும் 24 மணி நேரத்துக்கானது. நைலானுக்கு அது ஒன்று, ஒன்றரை சதவீதம். பார்க்கச் சாதுவான எண். ஆனால் படகு தண்ணீரில் ஒரு நாளா நிற்கிறது? அதே தாளின் இன்னொரு மூலையில், சில தாள்களில் அதுவும் இல்லாமல், முழுக்க ஊறிய நிலைக்கான எண் இருக்கும். நைலான் 66-க்கு அது 8 சதவீதத்தைத் தாண்டும். அசிட்டல் என்கிற பிளாஸ்டிக்குக்கு 24 மணி நேரத்தில் கால் சதவீதம்கூட இல்லை, முழுக்க ஊறினாலும் 0.9-ஐ ஒட்டித்தான். டெல்ரின் என்ற பெயரில் பலர் அறிந்திருப்பது இதன் ஒரு வகையைத்தான். நைலான் இருந்த அதே இடத்தில் அசிட்டலை வைத்து நான் போட்ட கணக்கில், ஓட்டை சுருங்குவது ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஏழு பங்கு. தலைமுடி தடிமன்.

பலம் பற்றி? நானும் முதலில் அதைத்தான் கேட்டேன். 0.3 சதுர மீட்டர் சுக்கானை 6 நாட் (மணிக்கு 11 கிலோமீட்டர்) வேகத்தில் முழுக்கத் திருப்பினால் தண்ணீர் கிட்டத்தட்ட 150 கிலோ தள்ளும். சுக்கான் கீழே தொங்குவதால் நெம்புகோல் கணக்கில் அடிப்புஷ்ஷுக்கு அதுபோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விழும். 38 மில்லிமீட்டர் விட்டம், 60 மில்லிமீட்டர் நீளமுள்ள புஷ்ஷில் அதைப் பரப்பினால் சதுர சென்டிமீட்டருக்கு 12, 13 கிலோ. கடைகளில் கிடைக்கும் எந்தப் பொறியியல் பிளாஸ்டிக்கும் இதைப் பொருட்படுத்தாது. ஆகவே எவ்வளவு தாங்கும், எவ்வளவு வழுக்கும் என்று கேட்டுப் பொருள் தேடுவது வீண். எவ்வளவு குடிக்கும், தண்டை என்ன செய்யும் என்ற இரண்டு கேள்விதான் எனக்கு மிஞ்சியது.

இரண்டாவது கேள்வியில்தான் சித்தப்பாவின் கன்மெட்டலோடு எனக்குத் தகராறு. கன்மெட்டல் சுத்தமாகத் தண்ணீர் குடிக்காது. தண்டும் வெண்கலமாக இருந்தால் நானும் கண்ணை மூடிக்கொண்டு போட்டிருப்பேன். எங்கள் ஆற்றில் ஓடுவது சேறு, நுண்மணல். உலோகத்துக்கும் உலோகத்துக்கும் நடுவே மணல் சிக்கினால் அது அரைக்கும் பசை ஆகிவிடும், தேய்வது இருவரும். புஷ் தேய்ந்தால் ஒரு மாலை வேலை. தண்டு தேய்ந்தால் புதுத் தண்டு, அதைச் சுக்கான் பலகைக்குள் வைத்துப் பற்றவைத்துத் திரும்ப மூட வேண்டும், பாதிப் படகின் விலை. இரண்டில் ஒன்று தேயத்தான் வேண்டும் என்றால் மலிவானது தேயட்டும். தண்டு அலுமினியமாக இருந்தாலோ கன்மெட்டலை நினைத்தே பார்க்கக் கூடாது, கடல்நீரில் அலுமினியத்தை அது தின்றுவிடும். கிராஃபைட் கலந்த கறுப்புப் பிளாஸ்டிக்கிலும் இதே வம்பு உண்டு. கிராஃபைட் மின்சாரம் கடத்தும், உப்புநீரில் பக்கத்து உலோகத்தை அரிக்க வைக்கும். வழவழப்புக்குச் சேர்த்த சரக்கு தண்டுக்கு எமன்.

சித்தப்பா இதையெல்லாம் கேட்டுவிட்டு, “சரி, அப்ப மரத்துல போடு” என்றார். கிண்டல் என்று நினைத்தேன், கிண்டல் இல்லை. பழைய பம்புகளில் மரப் புஷ் பார்த்திருக்கிறாராம். தேடிப் பார்த்தால் கப்பல் சரித்திரமே அதில்தான் இருக்கிறது. நீராவிக் கப்பல்களில் சுழல்விசிறி வந்த புதிதில், பின்பக்கத் தண்டைத் தாங்கிய பித்தளைப் புஷ்கள் மளமளவென்று தேய்ந்து போயின. 1854-இல் ஜான் பென் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் லிக்னம் வைட்டே என்னும் மரத்தின் பட்டைகளை உள்ளே பதித்து, நடுவே தண்ணீர் ஓட வாய்க்கால் விட்டுக் காப்புரிமை வாங்கினார். கரீபியன் பக்கத்து மரம். தண்ணீரில் போட்டால் மூழ்கும் அளவுக்குக் கனம், உள்ளே பிசின். தண்ணீர் பட்டால் அந்தப் பிசினே மசகு. நூறு வருடத்துக்கும் மேலாகக் கப்பல்கள் அதன் மேல் சுழன்றன. இப்போது அந்த மரம் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டில் இருக்கிறது, 24 அடிப் படகுக்காக அதைத் தேடி அலைவது அழகல்ல. ஆனால் ஜான் பென்னின் வாய்க்காலை மட்டும் கடன் வாங்கிக்கொண்டேன், அதைப் பிறகு சொல்கிறேன்.

மற்றவற்றைச் சீக்கிரம் தாண்டிவிடுகிறேன். நான்ஸ்டிக் தோசைக்கல்லில் பூசியிருக்கும் டெஃப்லான் வழுக்குவதில் மன்னன், ஆனால் நெருக்கினால் மெழுகு மாதிரி மெல்ல வழிந்து ஒதுங்கிவிடும். கட்டிங் போர்டு செய்யும் பாலிஎத்திலீனின் அண்ணன், யுஎச்எம்டபிள்யூ, தண்ணீரே குடிக்காது. அதற்காக நிறையப் பேர் அதைப் புகழ்வார்கள். ஆனால் மென்மை, சூடு குளிருக்கு ஏகமாக நீளும், கடைந்தால் அளவு நிற்காது. துணியையும் பிசினையும் அழுத்திச் செய்த டஃப்னால் இங்கிலாந்துப் படகுகளில் பழைய வழக்கம். நல்ல சரக்குதான், ஆனால் அதுவும் கொஞ்சம் குடிக்கும். எண்களைப் பார்த்தால், தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் வகையைச் சேர்ந்த எர்ட்டலைட் அசிட்டலைவிட ஒரு படி மேல், தென்னாப்பிரிக்காவின் வெஸ்கோனைட்டும் அப்படித்தான். ஆனால் தலைமுடி அளவே சுருங்கும் அசிட்டல் எங்களுக்குப் போதும். டென்மார்க்கின் ஜெஃபா போன்றவர்கள் செய்யும் உருளை பேரிங்குகள் பெரிய படகுக்கு அருமை. எங்கள் டில்லருக்கு அது மாட்டு வண்டிக்குப் பவர் ஸ்டீயரிங்.

ஆகவே அசிட்டல், அதிலும் கோபாலிமர் என்கிற, இரண்டு மூலப்பொருள் சேர்த்துச் செய்த வகை. ஒரே மூலப்பொருளில் செய்த ஹோமோபாலிமரான டெல்ரின் கொஞ்சம் கூடுதல் பலம், ஆனால் கட்டியின் நடு அச்சில் பொடி ஓட்டைகள் இருக்கும். கோபாலிமரில் அது குறைவு, விலையும் குறைவு. 60 மில்லிமீட்டர் விட்டத்தில் கறுப்புக் கட்டி ஒன்று இணையக் கடையில் வாங்கினேன்.

கட்டி வந்தது. கையில் எடுத்ததும் ஏதோ உறுத்தியது. லேசாக இருந்தது மாதிரி ஒரு எண்ணம், நிச்சயமில்லை. கறுப்பு நைலானும் கறுப்பு அசிட்டலும் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். நைலானின் அடர்த்தி 1.14, அசிட்டல் 1.41. இரண்டுமே நல்ல தண்ணீரில் மூழ்கும். ஆனால் உப்பு இனிமேல் கரையாது என்கிற அளவுக்குக் கரைத்த தண்ணீரின் அடர்த்தி 1.2! ஊரில் விதைநெல் பிரிக்க முட்டை மிதக்கும் வரை உப்புக் கரைப்பார்களே, அதே வித்தை, அதைவிடக் கெட்டியாக. குழம்புக் கிண்ணத்தில் கால் லிட்டர் வெந்நீர், அதில் சமையல் உப்பு ஒரு கை, இன்னொரு கை, அடியில் தங்கும் வரை. ஆறவைத்து, கட்டியிலிருந்து அறுத்த சுண்டு விரல் நகமளவு துண்டைப் போட்டேன். ஸ்பூனால் அடிவரை அழுத்திவிட்டேன், அதில் ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழ் போகட்டும் என்று. விட்டதும் மெல்ல, அவசரமே இல்லாமல், மேலே வந்து மிதந்தது.

நைலான். மறுபடியும் நைலான். சீட்டில் அசிட்டல் என்றுதான் போட்டிருந்தது. கடைக்காரர் மறுபேச்சுப் பேசாமல் மாற்றிக் கொடுத்தார், அதைச் சொல்ல வேண்டும். இரண்டாவது கட்டியின் துண்டு கல் மாதிரி அடியில் போய் உட்கார்ந்தது. அந்தக் கிண்ணத்தில் அடுத்த வாரம் ரசம் குடித்தபோது வீட்டில் நடந்த பேச்சை இங்கே எழுதப் போவதில்லை.

அலுவலக நண்பர் ஒருவரின் கராஜில் பழைய மைஃபோர்டு லேத் இருந்தது. அசிட்டல் வெண்ணெய் மாதிரி கடையும், சீவல் நீள நீளமாக இடியாப்பம் போல வந்து, கட்டியைப் பிடித்துச் சுழற்றும் சக்கில் சுற்றிக்கொள்ளும். தொல்லை அளவெடுப்பதில். இந்தப் பிளாஸ்டிக் சூட்டுக்கு எஃகைவிட எட்டு, ஒன்பது மடங்கு நீளும். கடைந்த சூட்டோடு வெர்னியர் வைத்தால் சரியாக இருக்கும், மறுநாள் காலையில் பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் காணாமல் போயிருக்கும். மார்ச்சில் கராஜுக்குள் ஆறு டிகிரி, கோடையில் ஆற்று நீர் பதினெட்டு. அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கடைசியில் முழு அளவுக்குச் சற்று முன்னால் நிறுத்தி, இரவு முழுக்க ஆறவிட்டு, மறுநாள் கடைசிச் சீவல் எடுத்தேன். ஓட்டை 38.25. ஊறி, கோடை வெயிலும் கண்டபின் 0.15 மிஞ்ச வேண்டும். துல்லியத்தை விரும்புகிறவர்களுக்கு இது லூஸாகத் தெரியும். சுக்கான் நிமிஷத்துக்கு ஆயிரம் சுற்றுகிற மோட்டார் அல்ல. கொஞ்சம் ஆட்டம் இருக்கட்டும்.

அடிப்புஷ்ஷில் மட்டும் உள்பக்கம் நீளவாக்கில் நான்கு வாய்க்கால் வெட்டினேன், ஜான் பென்னை நினைத்துக்கொண்டு. சேறு தங்காமல் தண்ணீர் அடித்துக்கொண்டு போக. இன்னொரு காரணமும் உண்டு. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருப்பிடிக்காமல் இருப்பதற்குத் தண்ணீரில் ஆக்சிஜன் வேண்டும். இறுக்கமான புஷ்ஷுக்குள் தேங்கிய நீரில் ஆக்சிஜன் தீர்ந்துபோனால் அந்த இடத்தில் மட்டும் குழி குழியாக அரிக்கும். எங்கள் தண்டில் பழைய நைலான் இருந்த இடத்தில் ஊசி குத்தியது போல நாலைந்து பழுப்புப் புள்ளிகள் இருந்தன. தேய்த்துப் பார்த்ததில் ஆழமில்லை, தப்பித்தோம்.

பொருத்துவதில் ஒரு தந்திரம். குழாய் உள்ளே வட்டமாகவே இல்லை, மேலும் கீழும் ஒரே நேர்கோட்டிலும் இல்லை. அதில் புஷ்ஷை அடித்து ஏற்றினால் தண்டு இரண்டு விளிம்பில் மட்டும் உரசும், எந்தப் பொருள் போட்டும் பயனிருக்காது. அதனால் புஷ்ஷின் வெளிவிட்டத்தை 48-ஆகக் குறைத்து, சுற்றி வரி வரியாகப் பள்ளம் வெட்டினேன், ஏனென்றால் அசிட்டலில் எந்தப் பசையும் சரியாக ஒட்டாது, பிடிமானம் பள்ளத்தால்தான். தண்டுக்கு மெழுகு பூசி, புஷ் உட்காரும் இடத்தில் ஒரே ஒரு சுற்று இன்சுலேஷன் டேப் சுற்றி, இரண்டு புஷ்ஷையும் தண்டிலேயே மாட்டி, அப்படியே குழாய்க்குள் ஏற்றிக் குறுக்குச் சட்டம் கொடுத்து நிறுத்தினோம். சுற்றி இருந்த ஒரு மில்லிமீட்டர் சந்தில் கெட்டியான எபாக்ஸிப் பசை. தண்டே தன் இடத்தைத் தீர்மானித்துக்கொண்டது. மறுநாள் தண்டை இழுத்தபோது வரவில்லை. ஒரு நிமிடம் இருவருக்கும் பேச்சே இல்லை. அப்புறம் நண்பர் குழிக்குள் இறங்கிச் சுக்கானைப் பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டினார், மெழுகு விட்டுக்கொடுத்தது.

இது முடிந்து இரண்டு கோடை போய்விட்டது. மீன் தராசு ஒன்றை டில்லர் நுனியில் மாட்டி இழுத்துப் பார்ப்பது இப்போது மாதாந்திர வழக்கம். பழைய ஜூலையில் நாலு கிலோவுக்கு மேல் காட்டியது, இந்த ஜூலையில் முள் அரைக் கிலோவைத் தாண்டவில்லை. பழைய நைலான் புஷ் எங்கள் வீட்டு ரேடியேட்டர் மேல் இருக்கிறது. கழற்றிய அன்று வெளிவிட்டம் 50.9, போன மாதம் 50.1.

சித்தப்பாவிடம் சொன்னேன். கன்மெட்டல் போடாததில் அவருக்கு இன்னும் வருத்தம்தான். போனை வைக்கும் முன்னால், “அந்த மிச்சத் துண்டு எவ்வளவு நீளம் இருக்கு?” என்றார்.

“ஒரு சாண் இருக்குமுங்க.”

“வரும்போது கொண்டா கண்ணு. அந்த உப்புத் தண்ணியில மொதல்ல ஒருக்கா போட்டுப் பாத்துட்டுக் கொண்டா.”